ஆர்க்கிமிடீஸ்

ஆர்க்கிமிடீஸ் (ஏறத்தாழ கி.மு. 287 – கி.மு. 212) பண்டைக் கிரேக்கக் கணிதவியலாளரும், இயற்பியலாளரும், பொறியியலாளரும், வானியலாளரும் ஆவார். சிசிலித் தீவின் சிராக்கூசா நகரில் பிறந்த இவர், உரோமப் படைகள் அந்நகரைக் கைப்பற்றியபோது அங்கேயே கொல்லப்பட்டார். நெம்புகோல் விதி, மிதப்பு விதி, வட்டத்தின் பரப்பளவு, கோளத்தின் கனவளவு ஆகியவை பற்றிய இவரது முடிவுகள் இன்றும் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. மிகப்பெரிய எண்களுக்குப் பெயரிடவும், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடவும் இவர் அமைத்த முறை அவ்வளவாக அறியப்படவில்லை. மணல் எண்ணி எனத் தமிழில் அழைக்கத்தக்க சிறிய நூலொன்றில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. பேரளவுகளைப் பத்தின் அடுக்குகளாக எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்து ஒப்பிடும் இன்றைய அறிவியல் குறியீட்டு முறைக்கு மிக நெருங்கிய சிந்தனையை அந்நூலில் காணலாம்.

வாழ்க்கை

ஆர்க்கிமிடீசின் வாழ்க்கை பற்றி உறுதியாகத் தெரிந்தவை மிகச் சிலவே. எராக்ளீடீஸ் என்பவர் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு அழிந்துபோனது. இவர் 75 ஆண்டுகள் வாழ்ந்தார் எனக் கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பைசாந்தியப் புலவர் செட்செஸ் குறிப்பிட்டுள்ளார். பிறந்த ஆண்டு இதனைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தந்தையின் பெயர் பீடியாஸ் என்பதும், அவர் ஒரு வானியலாளர் என்பதும் மணல் எண்ணியில் வரும் ஒரு வரியால் தெரியவருகின்றன.

சிராக்கூசாவின் மன்னர் இரண்டாம் ஹியெரோவுக்கு இவர் உறவினர் எனப் புளூட்டார்க் எழுதியுள்ளார். ஹியெரோவின் மகன் கெலோனுக்கு முகவரியிட்டே மணல் எண்ணி எழுதப்பட்டது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த அறிஞர்களுடன் இவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. சாமோஸ் தீவின் கோனோனை மதிப்புக்குரிய நண்பராக இவர் தம் நூல்களில் நினைவுகூர்கிறார். கோனோனின் மறைவுக்குப் பின்னர் தம் ஆய்வுகளைத் தொசித்தேயசுக்கு அனுப்பினார். புவியின் சுற்றளவைக் கணித்த எரட்டோஸ்தனீசுக்கும் ஒரு முக்கிய நூலை அனுப்பியுள்ளார். இவர் அலெக்சாந்திரியாவில் கல்வி பயின்றிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

விகிதங்களின் கணிதம்

கிரேக்கக் கணிதத்தில் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது என்றால் அவற்றின் விகிதத்தைக் கூறுவதாகும். ஆர்க்கிமிடீசின் புகழ்பெற்ற முடிவுகளில் பெரும்பாலானவை விகிதங்களாகவே கூறப்பட்டுள்ளன. நெம்புகோல் சமநிலையில் இருக்கும்போது எடைகளின் விகிதம் தூரங்களின் தலைகீழ் விகிதமாக இருக்கும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் மூன்றும் எழுபத்தொன்றில் பத்தும் என்பதைவிடப் பெரியது, மூன்றும் ஏழில் ஒன்றும் என்பதைவிடச் சிறியது. இதனை 96 பக்கங்கள் கொண்ட பல்கோணங்களைக் கொண்டு நிறுவினார். விட்டத்துக்குச் சமமான உயரமுள்ள உருளையொன்றில் சரியாகப் பொருந்தும் கோளத்தின் கனவளவுக்கும் உருளையின் கனவளவுக்கும் உள்ள விகிதம் 2:3. அவற்றின் மொத்த மேற்பரப்புகளின் விகிதமும் அதுவே.

இரண்டு அளவுகளுக்கிடையே விகிதம் இருக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். சிறியதைப் போதுமான தடவைகள் பெருக்கினால் அது பெரியதை விஞ்ச வேண்டும். கோளமும் உருளையும் பற்றிய நூலில் எடுகோளாகத் தரப்பட்டுள்ள இக்கருத்து இன்று ஆர்க்கிமிடீசின் பண்பு எனப்படுகிறது. உண்மையில் இது அவருக்கு முன்னரே யூடோக்சசால் பயன்படுத்தப்பட்டது. எவ்வளவு சிறிய அளவை எடுத்தாலும், எவ்வளவு பெரிய அளவை எடுத்தாலும், இரண்டும் முடிவுள்ளவையாக இருக்கும்வரை ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடலாம் என்பதே இதன் பொருள். மணல் எண்ணி இக்கருத்தை ஒரு மணற்பொடிக்கும் அண்டத்துக்கும் இடையே செயற்படுத்திக் காட்டுகிறது.

ஹியெரோவின் பொன்முடியில் வெள்ளி கலந்திருந்ததைக் குளியல் தொட்டியில் கண்டறிந்த கதை மிகவும் பரவலானது. அது ஆர்க்கிமிடீசின் எந்த நூலிலும் இல்லை. அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பின்னர் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலில் வருகிறது.

மணல் எண்ணி

சிராக்கூசாவைச் சுற்றியுள்ள மணலை எண்ணவே முடியாது என்று சிலர் கருதினர். மணல் முடிவற்றதன்று, ஆனால் அதைக் குறிக்கத்தக்க எண்ணுக்குப் பெயர் இல்லை என்று வேறு சிலர் கருதினர். இரண்டாவது கருத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. கிரேக்கர் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தினர். அவர்கள் மொழியில் தனிப்பெயர் கொண்ட மிகப்பெரிய எண் பத்தாயிரம் ஆகும். பத்தாயிரம் பத்தாயிரங்கள், அதாவது பத்துக்கோடி, வரை சொல்லலாம். அதற்கப்பால் சொல்லத் தடுமாற்றமே. பூச்சியமும் இடமதிப்பும் அவர்களிடம் இருக்கவில்லை.

ஆர்க்கிமிடீஸ் சிசிலியின் மணலோடு நிற்கவில்லை. அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் அந்த எண்ணிக்கைக்குப் பெயர் சொல்ல முடியும் எனக் கெலோனுக்குக் காட்ட முனைந்தார்.

எண்களின் வரிசைகள்

1 முதல் பத்துக்கோடி (10⁸) வரையான எண்களை ஆர்க்கிமிடீஸ் முதலாம் வரிசை என்றார். பத்துக்கோடியை இரண்டாம் வரிசையின் அலகாகக் கொண்டார். அந்த அலகுகள் பத்துக்கோடி சேர்ந்தால் 10¹⁶ கிடைக்கும். அது மூன்றாம் வரிசையின் அலகு. இவ்வாறு பத்துக்கோடியாவது வரிசை முடியும்வரை சென்றால் முதலாம் சுற்று நிறைவடையும். அதன் இறுதி எண்ணை இரண்டாம் சுற்றின் அலகாகக் கொண்டு மீண்டும் தொடங்கலாம். பத்துக்கோடிச் சுற்றுகள் முடியும்போது வரும் எண்ணை இன்றைய முறையில் எழுதினால் 1ஐத் தொடர்ந்து 8×10¹⁶ பூச்சியங்கள் வரும். அதாவது எண்ணூறு கோடி கோடிப் பூச்சியங்கள். தம் தேவைக்கு இது போதும் என்று அவர் அங்கே நிறுத்திக்கொண்டார்.

பெயரிடும் முறையைவிட முக்கியமானது அதனோடு அவர் தந்துள்ள ஒரு விதியாகும். 1, 10, 100, 1000 என ஒரே விகிதத்தில் வளரும் தொடரில் இரண்டு உறுப்புகளைப் பெருக்கினால் பெருக்குத்தொகையும் அதே தொடரில் இருக்கும். அதன் இடம், இரண்டு உறுப்புகளின் இடங்களைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும். 1ஐ முதலாம் இடமாக எண்ணியதாலேயே ஒன்றைக் கழிக்க நேர்ந்தது. இன்று 10³ × 10⁵ = 10⁸ என நாம் எழுதுவது இதுவே. பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்றால் வகுக்கும்போது அவை கழியும். அடுக்கை எண்ணின் மேல் சிறிய எழுத்தில் எழுதும் வழக்கம் 1637இல் வெளியான தேக்கார்ட்டின் வடிவியல் நூலுக்குப் பின்னரே பரவியது. குறியீடு வருவதற்கு ஏறத்தாழ 1,850 ஆண்டுகளுக்கு முன்னர் அதன் விதி சொற்களாலேயே எழுதப்பட்டுவிட்டது.

அண்டத்தின் அளவு

புவியை மையமாகவும், புவிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆரமாகவும் கொண்ட கோளத்தையே அக்கால வானியலாளர் பலரும் அண்டம் என்றனர். இதன் அளவைக் காண ஆர்க்கிமிடீஸ் பின்வருமாறு வாதிடுகிறார். கணக்கின் ஒவ்வொரு படியிலும் அவர் உண்மையெனக் கருதியதைவிடப் பெரிய அளவையே எடுத்துக்கொள்கிறார். எவரும் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கூற இயலாதபடி செய்வது அவர் நோக்கம்.

புவியின் சுற்றளவு 3,00,000 ஸ்டேடியா எனக் காட்டச் சிலர் முயன்றிருந்தனர். அவர் அதைப் பத்து மடங்காக்கி 30,00,000 ஸ்டேடியாவுக்கு மேற்படாது என்றார். எனவே விட்டம் 10⁶ ஸ்டேடியாவுக்குக் குறைவு. சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப்போல் 9 மடங்கு என யூடோக்சசும், 12 மடங்கு எனப் பீடியாசும், 18க்கும் 20க்கும் இடைப்பட்டது என அரிஸ்டார்க்கசும் கூறியிருந்தனர். தந்தையின் கணிப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, 30 மடங்கு என அவர் வைத்துக்கொண்டார். உண்மையில் அது ஏறத்தாழ 400 மடங்கு.

பின்னர் வானில் சூரியன் தோன்றும் கோண அளவைத் தாமே அளந்தார். நீண்ட கோலொன்றைக் கிடையாக வைத்து, அதன்மேல் சிறு உருளையை நிறுத்தி, உதிக்கும் சூரியனை நோக்கித் திருப்பினார். உருளை சூரியனை முழுமையாக மறைக்கும் நிலையையும், விளிம்பு சற்றே தெரியும் நிலையையும் குறித்துக்கொண்டார். கண் ஒரு புள்ளியன்று, அதற்கும் அகலம் உண்டு என்பதைக்கூடக் கணக்கில் சேர்த்துத் திருத்தம் செய்தார். சூரியனின் கோணம் செங்கோணத்தின் 200இல் ஒரு பங்கைவிடப் பெரியது, 164இல் ஒரு பங்கைவிடச் சிறியது என்பது அவர் முடிவு. பாகையில் கூறினால் 0.45க்கும் 0.55க்கும் இடையில் வரும். இன்றைய அளவு ஏறத்தாழ 0.53 பாகை. அளவீட்டின் பிழையையும் சேர்த்து இரு எல்லைகளாக எழுதிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

இதிலிருந்து சூரியனின் விட்டம், அண்டத்தின் பெருவட்டத்துள் வரையப்பட்ட ஆயிரம் பக்கப் பல்கோணத்தின் ஒரு பக்கத்தைவிடப் பெரியது என நிறுவினார். ஆகவே அப்பல்கோணத்தின் சுற்றளவு 1,000 சூரிய விட்டங்களுக்குக் குறைவு. நிலவு புவியைவிடச் சிறியது என்பதால் அது 30,000 புவி விட்டங்களுக்கும் குறைவு. ஆறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒழுங்கான பல்கோணத்தின் சுற்றளவு வட்ட விட்டத்தின் மூன்று மடங்கைவிடப் பெரியதாகும். எனவே அண்டத்தின் விட்டம் 10,000 புவி விட்டங்களுக்குக் குறைவு, அதாவது 10¹⁰ ஸ்டேடியாவுக்குக் குறைவு.

அரிஸ்டார்க்கசின் அண்டம்

ஆர்க்கிமிடீஸ் இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அரிஸ்டார்க்கஸ் சூரியன் அசையாமல் நிற்கிறது, புவியே அதைச் சுற்றுகிறது என எழுதியிருந்தார். அப்படியானால் புவி இடம்மாறும்போது விண்மீன்களின் தோற்றம் மாறவேண்டும். மாறாததால் விண்மீன்கள் மிகமிகத் தொலைவில் இருக்கவேண்டும். புவியின் பாதைக்கும் விண்மீன் கோளத்துக்கும் உள்ள விகிதம், ஒரு கோளத்தின் மையத்துக்கும் அதன் மேற்பரப்புக்கும் உள்ள விகிதம் போன்றது என அரிஸ்டார்க்கஸ் கூறியிருந்தார். அவருடைய அந்த நூல் இன்று இல்லை. மணல் எண்ணியே அவரது சூரிய மையக் கொள்கைக்குக் கிடைக்கும் முதன்மையான சான்றாகும்.

ஆர்க்கிமிடீஸ் இவ்விடத்தில் ஒரு குறையைச் சுட்டுகிறார். மையம் ஒரு புள்ளி, அதற்கு அளவில்லை. அளவில்லாத ஒன்றுக்கும் அளவுள்ள ஒன்றுக்கும் விகிதம் இருக்க முடியாது. இன்றைய மொழியில் கூறினால் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதாகும். எனவே அரிஸ்டார்க்கசின் கருத்தை முடிவுள்ள விகிதமாக அவர் மாற்றியமைத்தார். புவிக்கும் அண்டத்துக்கும் என்ன விகிதமோ, அதே விகிதம் புவியின் பாதையைக் கொண்ட கோளத்துக்கும் விண்மீன் கோளத்துக்கும் உள்ளது என எடுத்துக்கொண்டார். அண்டத்தின் விட்டத்தைப் புவியின் விட்டத்தால் வகுத்தால் 10¹⁰ ÷ 10⁶ = 10⁴. ஆகவே விண்மீன் கோளத்தின் விட்டம் 10¹⁰ × 10⁴ = 10¹⁴ ஸ்டேடியா. அரிஸ்டார்க்கஸ் உண்மையில் இதைத்தான் கருதினாரா என்பதில் ஐயம் உண்டு. ஆனால் கணக்கிட இயலாத ஒரு கூற்றைக் கணக்கிடத்தக்கதாக்கியது இந்த மாற்றமே.

மணலின் எண்ணிக்கை

ஒரு கசகசா விதையில் அடங்கும் மணற்பொடிகள் 10,000க்கு மேற்படா என்று வைத்துக்கொண்டார். ஓர் அளவுகோலில் கசகசா விதைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது 25 விதைகளே ஒரு விரற்கடை அகலத்தைத் தாண்டின. எனினும் 40 விதைகள் தேவை எனக் கொண்டார். விட்டம் 40 மடங்கானால் கனவளவு 64,000 மடங்காகும். ஆகவே ஒரு விரற்கடை விட்டமுள்ள கோளத்தில் 64 கோடிக்கு மேல் மணற்பொடிகள் இரா. இதனையும் 100 கோடியாக (10⁹) உயர்த்திக்கொண்டார். இவ்வளவு சிறிய பொடியை மணல் என்பதைவிடத் தூசி என்பதே பொருந்தும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் 50இல் ஒரு பங்கே அதன் விட்டம்.

ஒரு ஸ்டேடியம் 10,000 விரற்கடைக்குக் குறைவு. விட்டம் 10⁴ மடங்கு என்றால் கனவளவு 10¹² மடங்கு, எனவே 10²¹ பொடிகள். அண்டத்தின் விட்டம் 10¹⁰ ஸ்டேடியா என்பதால் இன்னும் 10³⁰ மடங்கு, எனவே 10⁵¹ பொடிகள். இது ஏழாம் வரிசையின் 1,000 அலகுகள். விண்மீன் கோளம் கனவளவில் அதைவிட 10¹² மடங்கு பெரியது. எனவே அதை நிரப்ப 10⁶³ பொடிகள் போதும். எட்டாம் வரிசையின் ஒரு கோடி அலகுகள் என்பது அதன் பெயர். பத்துக்கோடி வரிசைகள் கொண்ட முதலாம் சுற்றில் எட்டாவது வரிசையைக்கூட அண்டத்து மணல் தாண்டவில்லை.

10⁵¹, 10⁶³ ஆகிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. வகுத்துப் பார்த்தாலே இரண்டாவது, முதலாவதைப்போல் ஓர் இலட்சம் கோடி மடங்கு என்பது புலப்படும். காணத்தக்க பேரண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கை இன்று 10⁸⁰ என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. அது ஆர்க்கிமிடீசின் மணலைப்போல் 10¹⁷ மடங்கு.

தற்கால அளவுகளுடன் ஒப்பீடு

ஒரு ஸ்டேடியத்தின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. 185 மீட்டர் எனக் கொண்டால் ஆர்க்கிமிடீசின் அண்டத்தின் ஆரம், அதாவது சூரியனின் தூரம், ஏறத்தாழ 9.25×10¹¹ மீட்டர். சூரியனின் உண்மையான சராசரித் தூரம் 1.5×10¹¹ மீட்டர். 9.25ஐ 1.5ஆல் வகுத்தால் 6.2. அடுக்குகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். மேல் எல்லையாக அவர் சொன்னது உண்மையைப்போல் ஆறு மடங்கு மட்டுமே. நிலவு பற்றிய 30 மடங்கு மிகக் குறைவாகவும், புவியின் அளவு மிகக் கூடுதலாகவும் இருந்ததால் ஒன்றின் பிழையை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்துவிட்டது.

விண்மீன் கோளத்தின் விட்டம் 1.85×10¹⁶ மீட்டர், ஏறத்தாழ இரண்டு ஒளியாண்டுகள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செந்தாரி 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதால் ஒரு விண்மீன்கூட இக்கோளத்துள் அடங்காது. காணத்தக்க பேரண்டத்தின் விட்டம் ஏறத்தாழ 8.8×10²⁶ மீட்டர். 8.8ஐ 1.85ஆல் வகுத்து, 26இலிருந்து 16ஐக் கழித்தால் 4.8×10¹⁰ கிடைக்கும். அதாவது ஆர்க்கிமிடீசின் விண்மீன் கோளத்தைப்போல் ஏறத்தாழ 4,800 கோடி மடங்கு.

கால்நடைப் புதிர்

எரட்டோஸ்தனீசுக்கு அனுப்பப்பட்டதாகக் கூறப்படும் செய்யுள் வடிவப் புதிரொன்றும் ஆர்க்கிமிடீசின் பெயரில் உள்ளது. சிசிலியில் மேயும் சூரியதேவனின் நான்கு நிறக் கால்நடைகளின் எண்ணிக்கையைக் காணுமாறு அது கேட்கிறது. செருமானிய எழுத்தாளர் லெசிங் இதனை ஒரு கையெழுத்துப்படியில் கண்டு 1773இல் வெளியிட்டார். 1880இல் அம்தோர் என்பவர் விடை 2,06,545 இலக்கங்கள் கொண்டது எனக் காட்டினார். 1965இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணினிகளின் உதவியுடன் முழு விடையும் முதன்முதலாகப் பெறப்பட்டது. மிகச் சிறிய விடை ஏறத்தாழ 7.76×10²⁰⁶⁵⁴⁴ ஆகும். சிசிலியின் பரப்பளவான 2.5×10¹⁰ சதுர மீட்டரால் இதனை வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் 3×10²⁰⁶⁵³⁴ மாடுகள் நிற்கவேண்டும். ஆயினும் மணல் எண்ணியின் முறையில் இந்த எண்ணுக்கும் பெயர் உண்டு. அது முதலாம் சுற்றின் 25,819ஆம் வரிசையில் 7 அலகுகள் எனத் தொடங்கும். ஆர்க்கிமிடீசுக்கே விடை தெரிந்திருக்கும் எனக் கருத இடமில்லை.

முற்றுகையும் மரணமும்

உரோமின் நண்பராக விளங்கிய ஹியெரோ கி.மு. 215இல் இறந்தார். கெலோன் அதற்குச் சற்று முன்னரே இறந்துவிட்டார். கெலோனின் மகன் ஹியெரோனிமஸ் கார்த்தேஜின் பக்கம் சாய்ந்தார். அவர் விரைவில் கொல்லப்பட்டாலும் நகரம் உரோமின் பகையிலிருந்து மீளவில்லை. உரோமத் தளபதி மார்செல்லஸ் நிலத்திலும் கடலிலும் நகரை முற்றுகையிட்டார். ஆர்க்கிமிடீஸ் அமைத்த கல்லெறி பொறிகளும், கப்பல்களின் முனையைப் பற்றித் தூக்கும் பொறிகளும் நேரடித் தாக்குதலை முறியடித்தன என்று பொலிபியஸ், லிவி, புளூட்டார்க் ஆகியோர் எழுதியுள்ளனர். ஆடிகளால் கப்பல்களை எரித்த கதை இம்மூவரிடமும் இல்லை, நம்பத்தக்கதும் அன்று.

கி.மு. 212இல், ஆர்ட்டெமிஸ் தேவியின் விழா நாளொன்றில் காவல் தளர்ந்திருந்தபோது உரோமர் மதிலேறி உட்புகுந்தனர். அதன் பின்னர் நகரம் படிப்படியாக வீழ்ந்தது. கொள்ளையின்போது ஒரு படைவீரன் ஆர்க்கிமிடீசைக் கொன்றான். அவர் வரைபடமொன்றில் ஆழ்ந்திருந்தார் என்றும், கணிதக் கருவிகளை எடுத்துச் சென்றபோது அவை பொன்னென எண்ணிக் கொல்லப்பட்டார் என்றும் வேறுபட்ட செய்திகளைப் புளூட்டார்க் தருகிறார். மார்செல்லஸ் இதற்காக வருந்தி அவருடைய உறவினரை மதித்து நடத்தினார் என்பதில் அவை ஒத்துப்போகின்றன.

உருளைக்குள் அடங்கிய கோளத்தின் வடிவமும் அவற்றின் விகிதமும் தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என அவர் விரும்பியிருந்தார். கி.மு. 75இல் சிசிலியில் அரச நிதி அலுவலராகப் பணியாற்றிய சிசெரோ, முட்புதர்களுக்கிடையே மறைந்துகிடந்த அக்கல்லறையை இந்த அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடித்தார். நகர மக்கள் அப்படியொரு கல்லறையே இல்லை என்று கூறிவந்தனர். இன்று அதன் இடம் தெரியவில்லை.

நூல்கள் கிடைத்த வரலாறு

ஆர்க்கிமிடீசின் கிரேக்க நூல்கள் முதன்முதலாக 1544இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அச்சாயின. மணல் எண்ணியும் அத்தொகுப்பில் இருந்தது. புவி சூரியனைச் சுற்றுகிறது எனக் கூறும் கோப்பர்னிக்கசின் நூல் அதற்கு முந்தைய ஆண்டில் வெளியாகியிருந்தது.

1906இல் தென்மார்க்கு அறிஞர் ஐபெர்க், கான்ஸ்டாண்டினோப்பிளில் ஒரு வழிபாட்டு நூலின் எழுத்துகளுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்ட ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கண்டறிந்தார். எரட்டோஸ்தனீசுக்கு அனுப்பப்பட்ட, முறை எனப்படும் நூல் அதில் மட்டுமே உள்ளது. 1998இல் அந்தப் படி நியூயார்க்கில் 20 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. பின்னர் பால்ட்டிமோரின் வால்ட்டர்சு கலை அருங்காட்சியகத்தில் பல்வேறு அலைநீள ஒளிகளாலும் ஊடுகதிர்களாலும் படமெடுக்கப்பட்டு வாசிக்கப்பட்டது. மணல் எண்ணி அதில் இல்லை. அது வேறு கையெழுத்துப்படிகளின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளது.

நினைவுச் சின்னங்கள்

நிலவிலுள்ள பெருங்குழி ஒன்றுக்கும், 3600 என்ற எண் கொண்ட சிறுகோளுக்கும் ஆர்க்கிமிடீசின் பெயர் இடப்பட்டுள்ளது. 1936 முதல் கணிதவியலாளருக்கு வழங்கப்படும் பீல்ட்சு பதக்கத்தின் முன்புறத்தில் அவரது உருவமும், பின்புறத்தில் உருளைக்குள் அடங்கிய கோளமும் பொறிக்கப்பட்டுள்ளன.